டிரெய்னரில் டயர் தேய்வது ஏன், எப்போது கவலைப்பட வேண்டும்?

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே டிரெய்னரில், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில், ஓட்டுகிறேன். பின்சக்கரம் ரோலரில் அழுந்தும் வகை டிரெய்னர். ரோடு பைக், 25 மி.மீ. டயர், போட்டு அதிக நாள் ஆகவில்லை. டிரெய்னருக்கு அடியில் கறுப்புத் தூள் சேர்கிறது. டயரின் நடுப்பகுதி பட்டையாகிவிட்டது. டிரெய்னரில் ஏதாவது கோளாறா? தனியாக டிரெய்னர் டயர் வாங்க வேண்டுமா? மழை விட்டதும் இதே டயரோடு ஈ.சி.ஆர். போகலாமா?

பதில்:

தூள் கொஞ்சம் விழுவது இயல்பு. பெருக்கி அள்ளும் அளவுக்கு விழுந்தால் இயல்பு இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டிரெய்னர் நன்றாகத்தான் இருக்கிறது. டயர்தான் ரோலர் மேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. டிரெய்னர் டயரைத் தின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ரோலரோடு ஒட்டி உருளும் டயர் நிதானமாகத்தான் தேயும். உருள வேண்டிய இடத்தில் உரசும் டயர்தான் சீக்கிரம் காலியாகும். அதைச் சரிசெய்ய அதிகம் செலவழிக்க வேண்டாம். டயரின் காற்றையும், ரோலரை டயரில் அழுத்தும் திருகையும் கவனித்தாலே பெரும்பாலான வீடுகளில் தூள் நின்றுவிடும்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுகிறேன். வாஹூ கிக்கர், டாக்ஸ் நியோ போன்ற டைரக்ட் டிரைவ் டிரெய்னர்களில் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, செயினை நேராக டிரெய்னரின் கேசட்டில் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) மாட்டுகிறோம். அங்கே டயர் என்ற பேச்சே இல்லை. மூன்று உருளைகள் மேல் சைக்கிளை நிறுத்தி, பிடிமானம் எதுவும் இல்லாமல் ஓட்டும் பழைய பாணி ரோலர்களிலும் தேய்மானம் குறைவு. அந்த உருளைகள் பெரியவை, எதிர்ப்பும் அவ்வளவு இருக்காது. சிக்கல் எல்லாம் கர்ட் கைனெடிக் ரோட் மெஷின், வாஹூ கிக்கர் ஸ்னாப், டாக்ஸ் ஃப்ளோ போன்ற வீல் ஆன் டிரெய்னர்களில்தான். உங்களுடையதும் அந்த வகை.

சாலையில் டயர் தொடுவது தட்டையான தரையை. லேசாக நசுங்கி, சின்னதாய் ஒரு தடம் பதித்து, தரையை விட்டு விலகியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். டிரெய்னரில் அது தொடுவது ஒரு சின்ன உலோக உருளையை. கர்ட் கைனெடிக்கின் ரோலர் 57 மி.மீ. விட்டம். சில டிரெய்னர்களில் 30 மி.மீ. அளவுதான். இரண்டு வளைவுகள் எதிரெதிரே முட்டும்போது டயர் எவ்வளவு கூர்மையாக வளைகிறது என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு: இரண்டின் ஆரத்தையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சக்கரத்தின் ஆரம் 340 மி.மீ., ரோலரின் ஆரம் 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 26 மி.மீ. அந்த ரோலர் மேல் உங்கள் டயர் படும் பாடு, வெறும் 26 மி.மீ. ஆரமுள்ள ஒரு குட்டிச் சக்கரம் தரையில் படும் பாட்டுக்குச் சமம். பெரிய சக்கரம் என்ற அனுகூலமே அங்கே போய்விடுகிறது.

இது எத்தனை முறை நடக்கிறது என்றும் பாருங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 சுற்று சுற்றும். ஒரு மணி நேரத்தில் 14,000 சுற்றுக்கு மேல். டயரின் ஒவ்வொரு விரற்கடையும் அத்தனை தடவை ரோலரில் நசுங்கி நிமிர்கிறது. அதே வேகத்தில் அந்த ரோலர் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது. ரப்பர் வளையும்போது வாங்கிக்கொண்ட சக்தியை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு சூடாக உள்ளேயே தங்கிவிடும். சாலையில் எதிர்க்காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அறைக்குள் அந்தக் காற்று இல்லை. நாம் வைக்கும் டேபிள் ஃபேனும் நம் முகத்துக்கு வீசுகிறதே தவிர பின்சக்கரத்துக்கு வீசுவதில்லை. போதாக்குறைக்கு ரோலரும் சூடேறி, அந்தச் சூட்டையும் டயருக்கே கொடுக்கிறது. நவம்பர் மாதச் சென்னையில், மழைக்காக ஜன்னலைச் சாத்திய அறையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டி முடித்து இறங்கியதும் டயரின் நடுவில் விரல் வைத்துப் பாருங்கள், தெரியும். ரோலரிலும் அதை ஒட்டியுள்ள, எதிர்ப்புத் தரும் ஃப்ளூயிட் (திரவம்) பெட்டியிலும் மட்டும் கை வைக்காதீர்கள். நன்றாகவே சுடும்.

சூடான ரப்பர் இளகும். இளகிய ரப்பர் சுலபமாக உரியும். ஆனால் சூடு மட்டும் இருந்தால் தேய்மானம் மெதுவாகத்தான் போகும். சூட்டோடு வழுக்கலும் சேரும்போதுதான் கறுப்புத் தூள் கொட்டுகிறது.

வழுக்கல் எங்கிருந்து வருகிறது? நீங்கள் 200 வாட் சக்தியில், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் டயர் ரோலரைத் தள்ளும் விசை சுமார் 24 நியூட்டன், அதாவது இரண்டரை கிலோ எடைக்குக் கொஞ்சம் குறைவு. அதே 200 வாட்டை மணிக்கு 15 கி.மீ. சக்கர வேகத்தில் கொடுத்தால் விசை இரட்டிப்பாகி 48 நியூட்டன் ஆகிவிடும். எழுந்து நின்று 800 வாட்டில் ஒரு ஸ்பிரிண்ட் அடித்தால், 40 கி.மீ. வேகத்திலும் 72 நியூட்டன். இத்தனையும் நகத்தளவுப் பரப்பு வழியாக, வழவழப்பான உலோகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ரோலர் டயரை அழுத்தும் விசை போதவில்லை என்றால் டயர் நழுவும். ஒரு சொடுக்கு நேரம்தான். ஆனால் ஒவ்வொரு மிதியிலும், கால் கீழே இறங்கும் அந்தக் கணத்தில் நழுவினால், ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான நழுவல்.

இந்தக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. சின்ன கியரில் மெதுவாக ஓட்டினால் டயருக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். சக்தி அதேதான் என்றால், சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற டயர் மேல் இழுவை கூடும். ஸ்மார்ட் டிரெய்னரில் எர்க் மோடில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே எத்தனை வாட் என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது, நீங்கள் எந்த கியரில் இருந்தாலும். சின்ன கியரில் 250 வாட் இடைவெளிப் பயிற்சி செய்தால் மணிக்கு 12 கி.மீ. சக்கர வேகத்தில் 75 நியூட்டன் இழுவை விழும், ஸ்பிரிண்ட் அடித்ததற்கும் மேல். பின்பக்கம் செயினை ரெண்டு படி சின்னப் பல்சக்கரத்துக்குத் தள்ளி சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டால் வழுக்கல் சட்டென்று நிற்கும். ஸ்விஃப்ட் (Zwift) என்ற மெய்நிகர் சைக்கிள் செயலியில் செங்குத்தான ஏற்றங்களில் டயர் கீச்சிடுவதும் இதே காரணத்தால்தான். ஏற்றத்தின் கனத்தை எவ்வளவு உணர்த்த வேண்டும் என்று தீர்மானிக்கும் டிரெய்னர் டிஃபிகல்டி அளவைக் குறைத்து வைத்தால் அங்கேயும் வேலை மிச்சம்.

இன்னொன்று. சைக்கிளை அச்சில் கவ்விப் பிடித்து, திருகைச் சுற்றி ரோலரை டயரில் அழுத்தும் டிரெய்னர்களில் உங்கள் எடை டயர் மேல் ஏறக்குறைய இறங்குவதே இல்லை. எடையை அச்சு வழியாகச் சட்டம்தான் தாங்குகிறது. ஆகவே ஒல்லியானவருக்குத் தேயாது, கனமானவருக்குத் தேயும் என்று சொல்ல முடியாது. தேய்மானத்தைத் தீர்மானிப்பது அந்தத் திருகுதான்.

இப்போது உங்கள் டயருக்கு வருவோம். ஒரு வெள்ளைத் தாளை டிரெய்னருக்கு அடியில் விரித்து ஒரு நாள் ஓட்டுங்கள். தாளில் விழுவது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விரலில் தேய்த்தால் கரித்தூள் மாதிரி வறண்டு, மெல்லியதாக ஒட்டினால் அது வழுக்கல். ரோலர் போதுமான அளவு அழுத்தவில்லை, அல்லது இடையில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. அழிரப்பரைத் தேய்த்தபின் தாளில் கிடக்கும் சுருள் மாதிரி, பிசுபிசுப்பாக உருண்டு கிடந்தால் அது சூடு; ரோலர் அளவுக்கு மீறி அழுத்துகிறது, அல்லது டயரில் காற்று குறைவு. தூள் ரோலரின் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் சைக்கிள் டிரெய்னரில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அச்சின் இரண்டு முனையும் கவ்விக்குள் ஒரே ஆழத்துக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். புது டயர் என்றால் முதல் சில நாள் ரப்பர் மயிர்கள் உதிரும். அது டயரை வார்ப்பு அச்சில் செய்தபோது நீட்டிக்கொண்டிருந்தது, கணக்கில் சேராது.

காதும் உதவும். சீராக எழும் இரைச்சல் பரவாயில்லை. மிதிக்கு ஒரு தடவை சுருதி ஏறி இறங்கினால் வழுக்குகிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'தொப்' என்று இடித்தால் ரிம் கோட்டமாக இருக்கலாம், அல்லது டயர் ரிம்மில் ஒழுங்காக உட்காராமல் ஓரிடத்தில் புடைத்திருக்கலாம். டயரின் பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் முங்கியிருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தைக் கையால் பிசைந்து உட்காரவைத்து, மறுபடி காற்றடியுங்கள். சாலையில் இந்தக் குறை தெரியவே தெரியாது. ரோலரில் புடைத்த இடம் அதிகம் நசுங்கும், எதிர்ப்பக்கம் நழுவும். ரெண்டு பக்கமும் தேயும்.

பின்சக்கர ஹப்பில் ஸ்பீட் சென்சார் மாட்டியிருந்தால் இன்னும் துல்லியமாகப் பிடிக்கலாம். அது காட்டும் வேகத்தையும் டிரெய்னர் காட்டும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சும்மா மிதிக்கும்போது இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசமோ, ஸ்பிரிண்டிலும் கிட்டத்தட்ட அதே வித்தியாசம் இருக்க வேண்டும். ஸ்பிரிண்டில் மட்டும் சக்கரம் முந்தினால், முந்திய அளவுதான் வழுக்கல்.

சரிசெய்யும் முறைக்கு வருகிறேன். முதலில் சுத்தம். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து டயரையும் ரோலரையும் சுற்றித் துடையுங்கள். ஈ.சி.ஆரில் ஓட்டிவிட்டு நேராக டிரெய்னரில் ஏற்றினால் டயரில் ஒட்டியிருக்கும் மணல் ரோலருக்கும் ரப்பருக்கும் நடுவே சிக்கி, உப்புத்தாள் போட்ட வேலையைச் செய்யும். புது டயரில் வார்ப்பு அச்சில் ஒட்டாமலிருக்கப் போட்ட பூச்சின் வழவழப்பு இருக்கும். அதையும் ஸ்பிரிட் எடுத்துவிடும். செயினுக்கு எண்ணெய் விட்ட அன்று கட்டாயம் துடைக்க வேண்டும். டயரில் தெறித்த ஒரு சொட்டு போதும், ரோலர் முழுக்கப் பரவ. ரோலரில் ரப்பர் படிந்து கறுப்பு வளையமாக இறுகியிருந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்து எடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போக வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். கொரோனா காலத்தில் வாங்கி மீந்துபோன சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். அதில் சாராயத்தோடு கையை மென்மையாக்கும் கிளிசரினும் இருக்கிறது. துடைத்தபின் வழுக்கல் இன்னும் கூடும்.

அடுத்து காற்று. டிரெய்னரில் காற்று கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும். இறுக்கமான டயர் குறைவாக நசுங்கும், குறைவாகச் சூடாகும். 25 மி.மீ. டயருக்கு 90 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை பலரும் வைக்கிறார்கள். ஆனால் டயரின் பக்கச்சுவரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. ஹூக்லெஸ் ரிம் (டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி மடிப்பு இல்லாதது) என்றால் உச்சமே 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ. சொச்சம்தான். அங்கே 100 அடித்தால் டயர் ரிம்மை விட்டே பறந்துவிடலாம். கை நசுக்கிப் பார்த்து 'கல்லு மாதிரி இருக்கு' என்று திருப்திப்பட வேண்டாம். கேஜ் உள்ள ஃப்ளோர் பம்ப்பால், ஓட்டும் நாள் ஒவ்வொன்றும் ஒரே அளவுக்கு நிரப்புங்கள். ரோடு டயரில் உள்ளது கொஞ்சம் காற்றுதான். சும்மா நின்றாலே நாளுக்கு நாள் இறங்கும். லேடெக்ஸ் டியூப் என்றால் ராத்திரிக்குள்ளேயே இறங்கிவிடும்.

பிறகு திருகு. ரோலரை டயர் தொடும் வரை கொண்டுவந்து, அதற்குமேல் எத்தனை சுற்று இறுக்க வேண்டும் என்பது டிரெய்னருக்கு டிரெய்னர் மாறும். கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுதான். கையேடு தொலைந்துபோயிருந்தால் கையாலேயே சோதிக்கலாம். ஒரு கையால் ஃப்ளைவீலை (ரோலரோடு சேர்ந்து சுற்றும் கனமான வட்டு) அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்சக்கரத்தை ஓட்டும் திசையில் வெடுக்கென்று இழுங்கள். டயர் ரோலர் மேல் நழுவினால் கால் சுற்று இறுக்குங்கள், மறுபடி இழுங்கள். நழுவாத இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். 'நல்லா இறுக்கமா இருக்கட்டும்' என்று அதற்குமேல் முறுக்குவதில் எந்த லாபமும் இல்லை. சூடுதான் கூடும், மிதிப்பதும் காரணமில்லாமல் கனக்கும். ஃப்ளைவீலைப் பிடிக்கும்போது சக்கரம் நின்றிருக்கட்டும். ஸ்போக்குக்குள் விரல் போனால் டயர் கவலை எல்லாம் மறந்துபோகும்.

எடுத்த எடுப்பிலேயே ஸ்பிரிண்ட் வேண்டாம். முதல் பத்து நிமிடம் நிதானமாக மிதித்தால் டயர் ஒரு நிலையான சூட்டுக்கு வரும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகும்: 28 டிகிரியில் 100 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 48 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஏழெட்டு பி.எஸ்.ஐ. கூடிவிடும். அதனால்தான் ஸ்மார்ட் டிரெய்னர்களில் ஸ்பின் டவுன் என்ற, வேகமெடுத்து மிதிப்பதை நிறுத்தி வேகம் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்க்கும் அளவீட்டைக் குளிர்ந்த டயரில் செய்யக்கூடாது என்கிறார்கள். டயருக்கும் ரோலருக்கும் உள்ள அழுத்தத்தை அளந்து சரிசெய்யும் பழக்கம் புதிதல்ல. 1980களில் சியாட்டிலின் ரேசர்மேட் நிறுவனம் கொண்டுவந்த கம்ப்யூட்ரெய்னரிலேயே, ஓட்டிச் சூடேற்றி, வேகமெடுத்து, மிதிப்பதை நிறுத்தினால் ரோலரின் இழுவையை எண்ணாகக் காட்டிவிடும். அந்த எண் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருக்கும்படி திருகை வைத்துக்கொண்டார்கள். உங்கள் டிரெய்னரில் அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். வாட் கணக்கும் சரியாக வரும், டயரும் பிழைக்கும்.

தனி டயர் வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். டிரெய்னர் டயர் என்று விற்பது கெட்டியான, சூடு தாங்கும் ரப்பரால் ஆனது. கான்டினென்டல் ஹோம்டிரெய்னர், விட்டோரியாவின் ஜாஃபிரோ ப்ரோ ஹோம் டிரெய்னர், டாக்ஸின் நீல டயர் எல்லாம் இந்த வகை. தேய்மானம் குறைவு, இரைச்சலும் பொதுவாகக் குறைவு. பல நிறுவனங்கள் இதைப் பளிச்சென்று நீலத்திலோ சிவப்பிலோ செய்வதற்குக் காரணம் உண்டு: மறந்துபோய்க்கூட யாரும் இதோடு சாலைக்குப் போய்விடக்கூடாது. ஈரச் சாலையில், பிரேக் பிடிக்கும் நேரத்தில் இந்த ரப்பருக்குப் பிடிப்பே கிடையாது. ரிம்மில் ஏற்றுவதும் லேசான வேலை இல்லை, டயர் லீவரை முறித்துவிடும் பிடிவாதம். வழுக்கலுக்கு இது மருந்து என்றும் நினைக்காதீர்கள். திருகு தளர்வாக இருந்தால் டிரெய்னர் டயரும் வழுக்கும். கெட்டி ரப்பர் என்பதால் குளிர்ந்திருக்கும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வழுக்கும்.

உங்களுக்கு என் சிபாரிசு, வாங்க வேண்டாம். வாரத்தில் நான்கு நாள் டிரெய்னர், மற்ற நாள் சாலை என்றால் வாரத்துக்கு ரெண்டு தடவை டயரைக் கழற்றி மாட்ட வேண்டிவரும். யாரும் தொடர்ந்து செய்ய மாட்டார்கள், நீங்களும் மாட்டீர்கள். ஒரு நாள் அவசரத்தில் டிரெய்னர் டயரோடே ரோட்டில் இறங்கிவிடுவீர்கள். தனியாக ஒரு பழைய பின்சக்கரம் கிடைத்தால் கதை வேறு. அதில் டிரெய்னர் டயரோ மலிவான கம்பி விளிம்பு டயரோ போட்டு, ஒரு கேசட்டையும் மாட்டிவைத்துவிட்டால் அரை நிமிட வேலை. கேசட்டின் பல் எண்ணிக்கையும் ஸ்பீடும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று மிகவும் தேய்ந்தும் மற்றது புதிதாகவும் இருந்தால் செயின் தாவும். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரோட்டர் பேடில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டிவரும்.

தனிச் சக்கரம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, டிரெய்னர் காலம் முழுக்க ஓர் ஓய்வுபெற்ற ரோடு டயர். சாலைக்கு லாயக்கில்லை என்று கழற்றிப்போட்ட, நடுவில் தேய்ந்த, சின்னச் சின்னக் கீறல் உள்ள டயர்கள் சைக்கிள் ஓட்டும் எல்லார் வீட்டுப் பரணிலும் கிடக்கும். ரோலரில் கண்ணாடித் துண்டு கிடையாது, ஈரம் கிடையாது, வளைவு கிடையாது. அங்கே அவை ஒரு மழைக்காலத்தைத் தாங்கிவிடும். ஒரே நிபந்தனை: ரப்பருக்கு அடியிலுள்ள நூல் வெளியே தெரியக்கூடாது, பக்கச்சுவரில் வெட்டோ புடைப்போ இருக்கக்கூடாது. சூட்டில் அழுத்தம் ஏறும்போது அப்படிப்பட்ட டயர் அறைக்குள்ளேயே வெடிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதிகாலை ஐந்து மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால் அசோசியேஷன் கூட்டமே போடுவார்கள்.

வாரத்துக்கு ஐந்தாறு நாள், மணிக்கணக்கில், இடைவெளிப் பயிற்சியோடு ஓட்டுகிறவர் என்றால் டயருக்குச் செலவழிப்பதைவிட டைரக்ட் டிரைவுக்குப் பணம் சேர்ப்பது புத்திசாலித்தனம். விலை அதிகம்தான், ஆனால் டயர், காற்று, திருகு, அளவீடு என்ற நாலு தொல்லையும் ஒரே நாளில் தீரும்.

எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கட்டை வைத்த டயரோடு ரோலரில் ஏறாதீர்கள். ஒவ்வொரு கட்டையும் ரோலரில் இடித்து, வளைந்து, சூடாகி, வேரோடு பிய்ந்து வரும். கீழ் வீட்டுக்காரருக்குத் தன் தலைக்கு மேலே மாவு மில் ஓடுவதாகத்தான் தோன்றும். வழவழப்பான ஸ்லிக் டயர் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த, மென்மையான பந்தய டயர்களையும் ரோலரில் பலியிட வேண்டாம். சாலையில் பிடிப்புக் கொடுக்கும் அதே மென்மைதான் ரோலரில் சீக்கிரம் உரிகிறது. நாலைந்தாயிரம் கொடுத்து வாங்கிய பொருள்.

டியூப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிரெய்னரில் பஞ்சர் ஆவது அபூர்வம். ஆனால் ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டும் பேட்ச் போட்ட டியூப் சூட்டில் பிரிந்துகொள்ளும். சொல்யூஷன் தடவி, காயவிட்டு ஒட்டிய பேட்ச் தாங்கும். சாலையில் அவசரத்துக்கு ஒட்டிய ஸ்டிக்கரோடு டிரெய்னரில் ஏறி, காற்று போய்விட்டதைக் கவனிக்காமல் மிதித்தால் டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் ரோலருக்கும் நடுவில் மாட்டி நாசமாகும்.

இனி, ஈ.சி.ஆர். போகலாமா என்பது. டயரைச் சக்கரத்தில் வைத்தபடியே, பின்னாலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். நடுவில் ஒரு தட்டைப் பட்டை, அதன் இரு ஓரத்திலும் விரலில் தட்டுப்படும் ஒரு விளிம்பு இருக்கும். விளிம்பு மங்கலாக இருந்தால் போகலாம். நகத்தில் தெளிவாக இடறும் அளவுக்கு இருந்தால் நேர்ச்சாலையில் தெரியாது, வளைவில் தெரியும்: சைக்கிளைச் சாய்க்கும்போது டயர் அந்த விளிம்பைத் தாண்டும் கணத்தில் சட்டென்று விழுவதுபோல் ஒரு அசைவு வரும். டயரில் தேய்மானக் குறி இருக்கிறதா என்றும் தேடுங்கள். கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000 போன்றவற்றில் தரையைத் தொடும் பரப்பில் இரண்டு குட்டிக் குழிகள் இருக்கும். குழி மறைந்துவிட்டால் டயர் முடிந்தது.

நடு ரப்பர் மெலிந்த டயரில் நம் ஊர் நெடுஞ்சாலைகளில் இன்னொரு தொல்லை உண்டு. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது விழும் மெல்லிய கம்பி இழைகள் சாலையோரம் முழுக்கக் கிடக்கின்றன, கண்ணுக்கே தெரியாது. தடித்த ரப்பரில் அவை பாதியில் நின்றுவிடும். டிரெய்னர் மெலியவைத்த டயரில் நேரே டியூப் வரை போகும். மழை விட்ட முதல் வாரம், ஓரத்து மண்ணெல்லாம் சாலைக்கு வந்திருக்கும் நேரம், அந்த டயரோடு நூறு கிலோமீட்டர் போவதை நான் விரும்ப மாட்டேன்.

பட்டை விழாமல், மேற்பரப்பு மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தால் பயப்பட வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, முதல் சில கிலோமீட்டர் உலர்ந்த சாலையில் நிதானமாக ஓட்டினால் பளபளப்பு போய்விடும். அதுவரை வெள்ளைக் கோடுகள் மேலும் இரும்பு மூடிகள் மேலும் சாய்க்காதீர்கள்.

டயர் இன்னும் பாதி ஆயுளோடு இருந்தால், 'பின்னால்தானே தேய்ந்தது, முன்னால் மாட்டிக்கொள்ளலாம்' என்று தோன்றும். செய்யாதீர்கள். பின் டயர் போனால் சமாளித்து நிறுத்தலாம், முன் டயர் போனால் ஆளே போய்விழுவோம். புது டயர் வாங்கினால் அது முன்னால் போகட்டும். முன்னாலிருந்தது பின்னால் வரட்டும். இப்போது பட்டையாகிக் கிடக்கும் உங்கள் பின் டயர் அடுத்த மழைக்கு டிரெய்னருக்கென்றே இருக்கட்டும். ஓட்டாத நேரங்களில் திருகைத் தளர்த்தி ரோலரை டயரிலிருந்து விலக்கி வையுங்கள். அழுத்தியபடியே நாள்கணக்கில் விட்டால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்து, அடுத்த நாள் ஏறியதும் சுற்றுக்கு ஒரு தடவை இடிக்கும். மறுபடி இறுக்கும்போது எத்தனை சுற்று என்று மறக்காமல் இருக்க, திருகின் பிடியில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.